காதுக்குக் கீழே ஒரு தழும்பு

"அம்மா இருக்காங்களா? பார்சல் வந்திருக்கு. அவங்க கையிலதான் குடுக்கணும்."

கிழவர் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"இருக்கா," என்றார். "உள்ள போய்க் குடு."

ஒதுங்கி வழிவிட்டார். கூரியர்காரன் எட்டிப் பார்த்தான். முன்னறைக் கட்டிலில் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டான்.

"மன்னிச்சிருங்க ஐயா, தெரியாது. திருப்பி அனுப்பிடட்டுமா?"

"எதுக்கு? பணம் கட்டியாச்சுல்ல? இங்க குடு."

"அவங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதச் சொன்னாத்தான்..."

"நம்பரெல்லாம் சொல்ல முடியாது. எவன் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு அவதான் சொல்லி வெச்சிருக்கா."

"சந்தேகம், இன்னைக்குமா?" என்று பக்கத்து வீட்டம்மாள் உள்ளே முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. தெருவே அவரைச் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடும். பேர் வைத்தது அவர் மனைவி. பஸ் டிக்கெட்டை இரண்டு தரம் படிப்பார். டாக்டர் எழுதின மாத்திரையை மூன்று மருந்துக்கடையில் காட்டி விசாரிப்பார். தெருக்கோடியில் புதுப் பாலம் கட்டியபோது ஒரு மாதம் சுற்று வழியில்தான் போய்வந்தார், மற்றவர்கள் நடந்து பார்க்கட்டும் என்று. "கல்யாணத்துக்கு முன்னாடியே என்னக் கடிச்சுப் பாத்திருப்பீங்க. எங்கப்பா பக்கத்துல இருந்தாரு, தப்பிச்சேன்," என்பாள் அவள்.

கட்டிலின் தலைமாட்டில் போன் ஒலித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள்தான் எழுந்து அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நம்பரைப் படித்தாள். கூரியர்காரன் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போய் அங்கே கிளப்பினான்.

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்ததிலிருந்து மகள் அவரிடம் பேசியது மூன்றே விஷயம். வண்டி ரெண்டு மணிக்கு. இந்தச் சான்றிதழ்ல உங்க கையெழுத்து வேணும். ஏதாவது குடிங்க. ஆறு மாதமாகவே அவள் பேச்சு அந்த அளவுதான். இப்போது பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டுச் சற்று நின்றாள்.

"அம்மா போன்ல வாங்கின ரெண்டாவது நாணயம்ப்பா. இது வந்ததும் உங்க கையில குடுக்கணும்னு சொல்லிட்டிருந்தாங்க. இனிமே வாயால சொல்ல மாட்டாங்களாம். நீங்களே பாக்கணுமாம்."

பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்கு ஒரு கனமும் இல்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் உப்பும் பொடியும் நிறுத்துக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு பழைய நாணயம் சேர்க்க ஆரம்பித்தாள். பின்னறை மேஜையில் குண்டூசியைக்கூட நிறுக்கிற ஒரு தராசு, ஒரு லென்ஸ், ஒரு காந்தம், ஒரு நோட்டு. கடையில் வாங்குவாள், போனில் வாங்குவாள். போலி என்று தெரிந்தால் அதோடு விட மாட்டாள். படம் எடுத்து, எடை எழுதி, விற்றவன்மேல் புகார் போடுவாள். இணையக் கடைக்காரர்கள் நாலு பேரை அப்படித் தளத்திலிருந்தே தூக்க வைத்திருக்கிறாள்.

"இதுல உனக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்பார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அடுத்து வாங்குறவ ஏமாற மாட்டா."

மூக்கன் கடையில் வாங்கிய நாணயத்தைப் போலி என்று அவள் சொல்கிறவரை அவருக்கும் அதில் தொந்தரவு இல்லை.

மூக்கனும் அவரும் வார்ப்படப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் ஒரே தரையில் குந்தி மண் அச்சுப் பிடித்தவர்கள். ஒரு நாள் உருக்கிய இரும்பு சாய்ந்து இவருடைய இடது கையில் வழிந்தது. வண்டி வரட்டும் என்று மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது மூக்கன் இவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை ஓடினான். மூன்று விரல்தான் போயிற்று. கை மிஞ்சியது. பட்டறையை மூடிய பிறகு மூக்கன் மார்க்கெட் தெருவில் பழைய கடிகாரம், நாணயம் விற்கிற கடை போட்டான். உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களே, அத்தனை பேரிலும் கிழவர் நம்பியது அவன் ஒருவனைத்தான். சாயங்காலம் ஆனால் அந்தக் கடையில்தான் டீ.

புகார் போனதும் மூக்கன் அவளிடம் வரவில்லை. இவரிடம்தான் வந்தான். "உன் சம்சாரம் நுகர்வோர் ஆபீஸுக்கு எழுதிப் போட்டிருக்காங்கடா. என் கடைய மூடிட்டுத்தான் விடுவாங்க போல." அது போதுமாக இருந்தது.

"வாபஸ் வாங்கு," என்றார் வீட்டுக்கு வந்து.

"ஒரே ஒரு தடவ லென்ஸ்ல பாருங்க. நாணயம்னா அச்சு வெச்சு அடிப்பாங்க. இது உருக்கி வார்த்தது. நீங்க வார்ப்புக்காரர்தானே, பாத்துட்டுச் சொல்லுங்க."

"பாக்க வேண்டியதில்ல. அவன் பொய் சொல்ல மாட்டான்."

"அப்ப நான் சொல்றேனா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மூக்கன் கடைக்குக் கிளம்பினார். அதுவே பதில் ஆயிற்று.

மறுநாள் மூக்கன் டைப் அடித்துக் கொடுத்த வாபஸ் காகிதத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவர் நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். டிக்கெட்டை இரண்டு தரம் படிக்கிற மனுஷன் அந்தக் காகிதத்தை ஒரு தரம்கூடப் படிக்கவில்லை. மூக்கன் கொடுத்தது. படிக்க என்ன இருக்கிறது?

அவள் நின்றுகொண்டே படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். மறுநாள் அந்தக் காகிதம் மூக்கன் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது. கிழவர் தினமும் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் டீ குடிக்கப் போனார். காகிதத்தின் பக்கம் கண்ணைத் திருப்பியதில்லை. நாணயம் சேர்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். அதற்கப்புறம் அவளுக்கு அங்கேயிருந்து அழைப்பு வரவில்லை. அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகள்தான் திறந்தாள், ஒரே நாள்: "அம்மாவப் பொய்க்காரின்னு ஊருக்கே சொல்லிட்டீங்க." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

கிழவர் பொட்டலத்தோடு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மேஜையில் எல்லாம் அவள் வைத்தபடியே இருந்தன. பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார். பஞ்சுக்குள்ளிருந்து ஒரு வெள்ளி நாணயம் விழுந்தது. ஒரு ராஜாவின் தலை, பக்கவாட்டில். மூக்கன் கடையில் வாங்கிய முதல் நாணயம் நோட்டுக்குப் பக்கத்தில் காகித உறையில் இருந்தது. உறைமேல் அவள் எழுத்து: இருக்க வேண்டிய எடை 11.66 கிராம். இருப்பது 10.90.

இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தார்.

முதல் நாணயத்தில் ராஜாவின் காதுக்குக் கீழே ஒரு தழும்பு. எள்ளளவு. நுனி கொக்கிபோல வளைந்திருந்தது. லென்ஸை நகர்த்தினார். இரண்டாவது நாணயத்திலும் காதுக்குக் கீழே ஒரு தழும்பு. எள்ளளவு. நுனி கொக்கிபோல வளைந்திருந்தது.

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

பட்டறையில் ஒரு தடவை பம்ப் மூடி நாற்பது திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே பள்ளம். மேனேஜர் வார்த்தவனைத் திட்டினார். இவர்தான் நாற்பதையும் வரிசையாக அடுக்கிக் காட்டி, கை பிசகியிருந்தால் பள்ளம் இடம் மாறும், மாறவில்லை, மண்ணில் அச்சுப் பதிக்கிற மாதிரிக்கட்டையைப் பாருங்கள் என்றார். கட்டையில் சில்லு பெயர்ந்திருந்தது. ஒரு நாணயம் நூறு வருஷம் கைமாறினால் நூறு அடி வாங்கும். ஆனால் இரண்டு நாணயம் ஒரே இடத்தில் ஒரே அடி வாங்காது. இது அவருக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டிய விஷயமா?

முதல் நாணயத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த தையலைச் செய்தவன் அரம் போட்டு மழுக்கியிருந்தான். மழுக்கினாலும் விரலுக்குத் தெரிந்தது. லென்ஸ்கூடத் தேவைப்பட்டிருக்காது. அன்றைக்கு அவள் நீட்டியபோது கையில் வாங்கியிருந்தால் போதும்.

கதவு திறந்தது. மகள் நின்றாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார்.

பன்னிரண்டு மணிக்கு மூக்கன் வந்தான். கையில் பூ. கட்டிலருகே நின்று நிஜமாகவே அழுதான். மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பியவனைக் கிழவர் தோளைத் தொட்டுக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"கைய நீட்டு."

"என்னடா?"

"நீட்டுடா."

இரண்டு நாணயங்களையும் அவன் உள்ளங்கையில் வைத்தார். மூக்கன் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கவில்லை. அவனுடைய கட்டைவிரல் தானாகவே விளிம்புக்குப் போயிற்று. ஒரு இடத்தில் நின்றது.

"இன்னைக்குப் போய் இது எதுக்குடா?"

"நீயும் இருவத்தி ரெண்டு வருஷம் மண்ணு பிசைஞ்சவன். உன் கைக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?"

குழாய் சொட்டியது.

"தெரிஞ்சுது."

"எப்ப? அவ சொன்ன பிறகா?"

"முன்னாடியே." மூக்கன் குரலைத் தாழ்த்தினான். "முப்பது நாணயம் மொத்தமா எடுத்துட்டேன்டா. அவசரத்துல எடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து தடவிப் பாத்தாத் தெரியுது. குடுத்தவன் போன எடுக்கல. நான் என்ன பண்றது? எல்லாரும்தான் விக்கிறான். போன்ல லோடு லோடா விக்கிறான். வாங்குறவன் டப்பாவுல போட்டு மூடி வெச்சிட்டுச் சந்தோஷமா இருக்கான். ஒருத்தனும் வந்து கேக்கல. உன் சம்சாரம் ஒருத்திதான் நிறுத்துப் பாத்தாங்க."

"அந்தக் காகிதத்த எடுத்துட்டு வா."

"எந்தக் காகிதம்?"

"கண்ணாடியில ஒட்டியிருக்கிறது. வண்டி ரெண்டு மணிக்கு. அதுக்குள்ள வரணும்."

"இன்னைக்கு எடுத்தா நாலு பேரு கேப்பான்டா. ஒரு மாசம் போகட்டும், நானே சத்தமில்லாம எடுத்துடுறேன். அவங்களுக்கு இனிமே அதுல என்ன..." கிழவரின் முகத்தைப் பார்த்து அதைப் பாதியில் விட்டான். பிறகு கண்ணைத் தாழ்த்தி அவருடைய இடது கையைப் பார்த்தான். "உன் கைய மறந்துட்டியா?"

கிழவரும் அந்தக் கையைப் பார்த்தார்.

"மறக்கல. அதுக்குத்தான் அவளக் குடுத்தேன். கணக்கு முடிஞ்சுது."

நாணயங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூக்கன் கொல்லை வழியாகவே போனான்.

மகள் பின்னறையில் அம்மாவின் போனோடு உட்கார்ந்திருந்தாள். "அம்மா புகார முழுசா எழுதி வெச்சிருக்காங்க. போன்ல வித்தவன்மேல ஒண்ணு, உங்க கூட்டாளிமேல நுகர்வோர் ஆபீஸுக்கு ஒண்ணு. ரெண்டாவது நாணயத்தோட எடைக்கு மட்டும் இடம் விட்டிருக்காங்க. படமும் வேணும்."

"எடு."

மகள் தராசை இயக்கினாள். கிழவர் நாணயத்தைத் தட்டில் வைத்துவிட்டு மூச்சு படாமல் தள்ளி நின்றார். 10.91. ஜன்னல் வெளிச்சத்தில் தழும்பு தெரிகிற மாதிரி இரண்டு நாணயங்களையும் அவரே திருப்பித் திருப்பி வைத்தார். விளிம்பை ஒரு படம் எடுக்கச் சொன்னார். தையல் எங்கே என்று நகத்தால் காட்டினார்.

"புகார் குடுக்கிறவர் பேர்னு அம்மா பேர் இருக்கு," என்றாள் மகள். "என்ன பண்றது?"

"இருக்கட்டும். அவ குடுத்ததுதானே."

"உயிரோட இல்லாதவங்க பேர்ல..."

"கீழ என் பேரும் போடு. வார்ப்படத் தொழிலாளின்னு போடு. ஒரே அச்சுல வார்த்தது, நான் கையில வாங்கிப் பாத்துச் சொல்றேன்னு போடு." கொஞ்சம் யோசித்தார். "முன்ன வாபஸ் வாங்கினது அவ இல்ல, நான்தான் வாங்க வெச்சேன்னும் போடு."

மகளின் விரல் நின்றது. தலை நிமிராமல் தட்டச்சு செய்தாள். அனுப்பினாள்.

"போயிடுச்சு."

"போச்சான்னு இன்னொரு தடவ பாரு."

பார்த்தாள். "போயிடுச்சுப்பா."

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. கிழவர் வாசலில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணி ஆயிற்று. டிரைவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான்.

"யாராவது வரணுமா?" என்று பக்கத்து வீட்டம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு காகிதம் வரணும்."

அவளுக்குப் புரியவில்லை. இரண்டரைக்குக் கிழவர் தெருவிலிருந்து கண்ணை எடுத்தார். "தூக்குங்க," என்றார்.

வண்டிக்குள் ஒரு பக்கம் அவரும் எதிர்ப்பக்கம் மகளும் உட்கார்ந்தார்கள். நடுவில் அவள்.

"மார்க்கெட் தெரு வழியாப் போ."

"அங்க ஒரே நெரிசலா இருக்குமே பெரியவரே. மெயின் ரோட்டுல போனா பத்து நிமிஷம்."

"மார்க்கெட் தெருன்னேன்."

மூக்கன் கடை திறந்திருந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கினார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கண்ணாடிக் கதவில், கண் உயரத்தில், வெயிலில் மஞ்சளாகிப்போன காகிதம். அதன் முன்னால் நின்று, ஆறு மாதமாகப் படிக்காததை விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்.

நான் கேட்ட விலைக்குக் கொடுக்காத கோபத்தில், இந்தக் கடையில் வாங்கிய நல்ல நாணயத்தைப் போலி என்று பொய்ப் புகார் கொடுத்தேன். தெரிந்தே செய்த தவறு. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

லாரி விடாமல் அடித்தது. மறுபடியும் முதல் வரிக்குப் போனார். இரண்டாவது தடவையும் அதுதான் எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. ஆய்வகத்தில் சீசாக்களுக்கு எழுதி ஒட்டுகிற மாதிரி நேராக, நடுக்கம் இல்லாமல், கடைசியில் ஒரு புள்ளி.

நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார். டேப் காய்ந்து கண்ணாடியோடு கண்ணாடியாக இறுகியிருந்தது. இடது கையில் மூன்று விரல் இல்லாததால் காகிதத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வலது கையால் சுரண்ட வேண்டியிருந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் மூக்கன் எழுந்து நின்றான். வெளியே வரவில்லை. நாலு மூலையும் விடுகிறவரை கிழவர் அவசரப்படவில்லை. காகிதத்தை நாலாக மடித்து, நாணயங்கள் இருந்த பையிலேயே போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து மகள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போலாமா பெரியவரே?"

"போலாம். மேடு பள்ளம் பாத்துப் போ. அவளுக்குக் குலுக்கல் ஆகாது."

வண்டி நகர்ந்தது. பின்பக்கக் கண்ணாடி வழியாக அந்தக் கடை கொஞ்ச நேரம் தெரிந்தது. தெருப் புழுதி படிந்து கதவு முழுக்க மங்கிக் கிடந்தது. காகிதம் இருந்த இடம் மட்டும் துடைத்த மாதிரி தெளிவாக இருந்தது. அதன் வழியே உள்ளே தட்டில் ராஜாவின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.